நாகு பருவமடையும்போது கருப்பையில் நடப்பது என்ன?

முதல் வேட்கையிலேயே சினைப்படுத்தலாமா என்ற கேள்விக்கு ஒரு விளக்கம்

1995இல் யாழ்ப்பாணத்திலிருந்தும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னியிலிருந்தும் மக்கள் வெளியேறியபோது பட்டி பட்டியாக மாடுகளை அவிழ்த்து விட்டுவிட்டு வந்தவர்கள் பலர். அவ்வாறு எல்லாவற்றையும் இழந்த குடும்பங்கள் மீண்டும் மாடு வளர்க்கத் தொடங்கும்போது ஒரு நாகுடனேயே தொடங்குகின்றன. அந்த ஒரு நாகுதான் நாளைய பால், நாளைய எரு, பிள்ளைகளின் கொப்பிக் காசு. ஆகவே அது எப்போது கன்று ஈனும் என்பது வீட்டில் எல்லோரும் எதிர்பார்த்திருக்கும் விடயம்.

இத்தகைய குடும்பங்களிடமிருந்து நாம் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இரண்டு. ஒன்று, "நாகு முதன்முறை கத்துகிறது, உடனே காளைக்கு விடலாமா?" என்பது. மற்றையது, "இரண்டு முறை ஊசி போட்டும் பிடிக்கவில்லை, இது மலடா, விற்றுவிடலாமா?" என்பது. இரண்டாவது கேள்வி கவலைக்குரியது. மலடு என்று எண்ணி இறைச்சிக்கு விற்கப்படும் நாகுகளிற் சில மலடே அல்ல. அவற்றின் கருப்பை முதிர்வதற்கு இன்னும் சில வாரங்கள் தேவைப்பட்டிருக்கும், அவ்வளவுதான்.

இவ்விரு கேள்விகளுக்கும் விடை நாகின் கருப்பைக்குள்ளேயே இருக்கிறது. பருவமடையும் காலத்திற் கருப்பைக்குள் நிகழும் மாற்றங்களை அண்மைக்கால ஆய்வுகள் மிக நுணுக்கமாகக் காட்டியுள்ளன. அவற்றை எளிமையாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பருவமடைதல் என்றால் என்ன?

நாகு முதன்முதலாக ஒரு முட்டையை வெளிவிட்டு, அதனைத் தொடர்ந்து ஒழுங்காக வேட்கைக்கு வரத் தொடங்குவதையே பருவமடைதல் என்கிறோம். மாடு காளை தேடிக் கத்துவதையும் நிலைகொள்ளாமல் அலைவதையும் கால்நடை வைத்தியர்கள் வேட்கை என்பார்கள். சினைப்படாத பசுவில் இது ஏறத்தாழ 21 நாட்களுக்கு ஒருமுறை திரும்ப வரும். 18 நாள் முதல் 24 நாள் வரை கூடிக் குறைவது இயல்பு.

இதற்கான கட்டளை மூளையிலிருந்தே புறப்படுகிறது. சிறு கன்றிலும் சூலகம் உண்டு. அது ஈஸ்திரஜன் என்னும் ஓமோனைச் சிறிதளவு சுரக்கவும் செய்யும். ஆனால் கன்றுப் பருவத்தில் அந்தச் சிறிதளவு ஈஸ்திரஜனே மூளையின் அடிப்பகுதியைத் தடுத்து வைத்துவிடுகிறது. உடல் வளர்ந்து, கொழுப்பு ஓரளவு சேர்ந்ததும் இந்தத் தடை தளர்கிறது. அப்போது மூளைக்குக் கீழேயுள்ள கபச்சுரப்பி சூலகத்துக்குத் திரும்பத் திரும்பத் தூண்டுதல் அனுப்புகிறது. சூலகத்தில் முட்டை முதிர்ந்து வெளிவருகிறது. முட்டை வெளியேறிய இடத்தில் மஞ்சட்சடலம் உண்டாகிப் புரொஜெஸ்தரோன் என்ற இன்னோர் ஓமோனைச் சுரக்கிறது.

ஈஸ்திரஜன், புரொஜெஸ்தரோன் என்ற இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்திருங்கள். கருப்பையை மாற்றியமைப்பவை இவையே.

கருப்பை வெறும் பை அன்று

பெயரிற் பை என்று இருப்பதனாற் பலர் கருப்பையைக் கன்று கிடந்து வளரும் ஒரு சாக்கைப் போல எண்ணுகின்றனர். உண்மையில் அது ஒரு வயலைப் போன்றது. விதை நல்லதாக இருந்தாலும் நிலம் பண்பட்டிருந்தாற்றான் முளை நிற்கும்.

கருப்பையின் உட்சுவரைக் கருப்பை அகவணி என்பார்கள். அதில் மிக நுண்ணிய சுரப்பிகள் ஏராளமாக உண்டு. கருவாகிய முளையம் நான்காம் ஐந்தாம் நாளளவிற் கருப்பைக்குள் இறங்குகிறது. இறங்கியதும் அது சுவரில் ஒட்டிக்கொள்வதில்லை. ஏறத்தாழ 19ஆம் நாள் வரை ஒட்டாமலே இருக்கிறது. அந்த இரண்டு வாரமும் அதற்குத் தொப்புட்கொடி கிடையாது, தாயின் இரத்தமும் கிடைப்பதில்லை. கருப்பைச் சுரப்பிகள் கசியவிடும் பாயமே அதன் உணவு. இதனைக் "கருப்பைப் பால்" என்று அழைப்பதும் உண்டு.

இந்த உணவில் முளையம் வளரும் வேகம் வியப்புக்குரியது. 13ஆம் நாளிற் சுமார் 2 மில்லிமீற்றர் அளவில் இருந்த முளையம், 17ஆம் நாளளவில் 10 சென்ரிமீற்றருக்கும் நீண்ட நூலாகிவிடுகிறது. அந்த நேரத்திற் பாயம் குறைந்தால் நூல் நீளாது. நூல் நீளாவிட்டால் அது தாய்க்கு அனுப்பவேண்டிய செய்தியும் போய்ச் சேராது.

அந்தச் செய்தி இன்ரபெரோன் என்ற வகையைச் சேர்ந்த ஒரு புரதம். கருத்தரிக்காத பசுவின் கருப்பை 17ஆம் நாளளவிற் புரொஸ்தாகிளாண்டின் என்ற பொருளை அனுப்பி மஞ்சட்சடலத்தை அழித்துவிடும். மஞ்சட்சடலம் அழிந்தாற் புரொஜெஸ்தரோன் நின்றுபோகும். மாடு மீண்டும் வேட்கைக்கு வரும். நீண்டு வளர்ந்த முளையம் தனது புரதத்தை வெளியிட்டு, "நான் இருக்கிறேன், அழிக்காதே" என்று கருப்பைக்குச் சொல்கிறது. சொல்லத் தவறினால், கரு உண்டாகியிருந்தும் மாடு 21ஆம் நாளில் வேட்கைக்கு வந்துவிடும். அப்போது நாம் "ஊசி பிடிக்கவில்லை" என்கிறோம். உண்மையில் ஊசி பிடித்து, கரு உணவில்லாமல் அழிந்திருக்கவும் கூடும்.

சுரப்பிகள் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதைச் செம்மறியாட்டில் நடத்திய ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டியது. பிறந்த பெண் குட்டிகளுக்குப் புரொஜெஸ்தரோன் போன்ற மருந்தை முதல் எட்டு வாரங்களும் தொடர்ந்து கொடுத்தபோது அவற்றின் கருப்பையிற் சுரப்பிகள் உண்டாகவில்லை. அவை வளர்ந்தபின் வேட்கைக்கு வந்தன, முட்டையும் விட்டன, கருவும் உண்டாயிற்று. ஆனாற் கரு இரண்டு வாரத்துக்கு மேல் நிலைக்கவில்லை. 2001இல் வெளிவந்த இந்த முடிவு நமக்குச் சொல்வது ஒன்றுதான்: வேட்கைக்கு வருவது வேறு, கருவைத் தாங்குவது வேறு.

பரம்பரையலகும் புரதமும்

இனி, பருவமடையும்போது கருப்பையிற் "பரம்பரையலகுகளின் வேலை மாறுகிறது, புரதங்கள் மாறுகின்றன" என்று விஞ்ஞானிகள் சொல்வதன் பொருளைப் பார்ப்போம்.

மாட்டின் உடல் கோடிக்கணக்கான கலங்களால் ஆனது. ஏறக்குறைய ஒவ்வொரு கலத்துக்குள்ளும் ஒரே பரம்பரையலகுத் தொகுதி முழுமையாக இருக்கிறது. கொம்பிலுள்ள கலத்திலும் கருப்பையிலுள்ள கலத்திலும் இருப்பது ஒன்றே. அப்படியானாற் கொம்பு ஏன் கொம்பாகவும் கருப்பை ஏன் கருப்பையாகவும் இருக்கின்றன? எந்தப் பரம்பரையலகு வேலை செய்கிறது, எது சும்மா இருக்கிறது என்பதே வேறுபாட்டுக்குக் காரணம்.

குளத்து நீரிற் பயிர் செய்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். குளத்தில் நீர் நிறைந்திருந்தாலும் வயலுக்கு நீர் தானாக வராது. துருசு திறக்கவேண்டும். எந்தத் துருசு எப்போது எவ்வளவு திறக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே எந்த வயல் நனையும், எது காயும் என்பது முடிவாகிறது. பரம்பரையலகுகள் துருசுகள் போன்றவை. ஓமோன்கள் அவற்றைத் திறந்து மூடும் ஆளைப் போன்றவை. ஈஸ்திரஜன் வந்தாற் சில துருசுகள் திறக்கின்றன. புரொஜெஸ்தரோன் வந்தால் அவற்றிற் சில மூடப்பட்டு வேறு சில திறக்கின்றன. கன்றுப் பருவத்தில் இவற்றிற் பல, இருந்தும் திறக்கப்படாமலே கிடக்கின்றன.

பரம்பரையலகு திறந்ததும் அதிலிருந்து முதலில் ஒரு செய்திப் பிரதி எழுதப்படுகிறது. இதற்கு ஆர்.என்.ஏ. என்று பெயர். அந்தச் செய்தியைப் பார்த்துக் கலம் புரதத்தைச் செய்கிறது. புரதமே உண்மையில் வேலை செய்யும் பொருள். சுரப்பிப் பாயத்தில் உள்ளதும், உணவை இரத்தத்திலிருந்து கருப்பைக்குள் கடத்துவதும், ஓமோன் வந்து தொடும்போது அதை ஏற்றுக்கொள்வதும் புரதங்களே.

செய்தி எழுதப்பட்டால் மட்டும் பொருள் கிடைத்ததாகாது. நிவாரண அட்டையில் எழுதியிருந்த அளவும் சங்கக்கடையிற் கைக்குக் கிடைத்த அளவும் எப்போதும் ஒன்றாக இருந்ததில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். கலத்திலும் அப்படியே. செய்தி நிறைய இருந்தும் புரதம் குறைவாக இருக்கலாம். செய்தி குறைந்தபின்னும் முன்னர் செய்த புரதம் எஞ்சியிருக்கலாம். ஆகவே கருப்பையில் உண்மையாக என்ன நடக்கிறது என்று அறிய விரும்புவோர் அட்டையையும் பார்க்கவேண்டும், பையில் உள்ள அரிசியையும் நிறுக்கவேண்டும். அதாவது ஆர்.என்.ஏ.யையும் புரதத்தையும் சேர்த்தே அளக்கவேண்டும்.

ஆய்வுகள் கண்டவை

இவ்வாறான ஆய்வுகள் நமது மாடுகளுக்கு உறவான இனங்களிலேயே நடந்துள்ளன என்பது கவனிக்கத்தக்கது. அவுஸ்திரேலியாவின் வடபகுதியில் வளர்க்கப்படும் பிராமன் இனம் திமில் உள்ளது, வெப்பத்தைத் தாங்குவது. அதன் முன்னோர் இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட திமில் மாடுகள். எமது உள்ளூர் மாடுகளும் சாகிவால், சிந்தி போன்ற இனங்களும் அதே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்து நாகுகள் ஐரோப்பிய இன நாகுகளிலும் பிந்திப் பருவமடைகின்றன. நல்ல தீனியில் வளரும் ஜேர்சி, பிறீசியன் நாகுகள் பெரும்பாலும் ஒரு வயதை அண்டிப் பருவமடைந்துவிடும். திமில் மாடுகள் ஒன்றரை வயது, இரண்டு வயது, சிலவேளை அதற்கும் மேல் எடுக்கும்.

குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பிராமன் நாகுகளைத் தொடர்ந்து கவனித்து, பருவமடையாதவற்றையும், சூலகத்தில் முதல் மஞ்சட்சடலம் தோன்றியவற்றையும் ஒப்பிட்டனர். அமெரிக்காவில் பிராமனும் அங்கசும் கலந்த பிராங்கஸ் நாகுகளிலும் இத்தகைய ஒப்பீடு நடந்தது. 2014இல் வெளியான அந்த ஆய்வு மூளை, கபச்சுரப்பி, சூலகம், கருப்பை, ஈரல், தசை, கொழுப்பு ஆகிய பல உறுப்புகளை ஒருங்கே பார்த்தது. இவற்றிலிருந்து நாம் அறிவது, பருவமடைதல் சூலகத்தில் மட்டும் நடக்கும் ஒன்றன்று என்பதே. பல உறுப்புகளிற் பரம்பரையலகுகளின் வேலை கூடியும் குறைந்தும் மாறுகிறது. கருப்பையும் அவற்றில் ஒன்று.

கருப்பையில் நிகழும் மாற்றங்களை மூன்றாகப் பிரித்து விளங்கிக்கொள்ளலாம்.

முதலாவது வளர்ச்சி. ஈஸ்திரஜனின் தூண்டுதலாற் கலங்கள் பெருகுகின்றன. தசைச் சுவர் தடிக்கிறது. இரத்த ஓட்டம் கூடுகிறது. வைத்தியர் குதவழியாகக் கைவிட்டுப் பரிசோதிக்கும்போது இதனை உணரலாம். பருவமடையாத நாகின் கருப்பைக் கொம்பு 20 மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்புடன் தளர்ந்து இருக்கும். பருவமடைந்த நாகில் அது 30 மில்லிமீற்றர் அளவுக்குத் தடித்து, தொட்டதும் இறுகும்.

இரண்டாவது, ஓமோனை ஏற்றுக்கொள்ளும் புரதங்களின் மாற்றம். ஓமோன் இரத்தத்தில் வந்தாற் போதாது. அதை வரவேற்கும் புரதம் கலத்தில் இருக்கவேண்டும். புரொஜெஸ்தரோன் சில நாட்கள் தொடர்ந்து வந்தபின், உட்சுவரின் மேற்படைக் கலங்கள் அதனை ஏற்கும் புரதத்தைக் குறைத்துக்கொள்கின்றன. அந்தக் குறைவுக்குப் பின்னரே கருவுக்கு உணவூட்டும் பல பரம்பரையலகுகள் திறக்கின்றன. இதற்கு நாட்கள் தேவை; ஒழுங்கான அளவிற் புரொஜெஸ்தரோனும் தேவை.

மூன்றாவது, சுரப்பிகளின் பாயம். அமினோவமிலங்களையும் வெல்லத்தையும் கடத்தும் புரதங்கள், விற்றமின் ஏ சத்தைச் சுமந்து செல்லும் புரதம், நொதியங்களைக் கட்டுப்படுத்தும் புரதங்கள் போன்றவை இப்பாயத்திற் காணப்படுகின்றன. கரு வளரும் நாட்களுக்கு ஏற்ப இவற்றின் அளவும் மாறவேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் கருவுக்கு உதவாது.

புரொஜெஸ்தரோன் கருவை நேரே வளர்க்கிறதா, கருப்பை வழியாக வளர்க்கிறதா என்பதை அயர்லாந்தின் டப்ளின் நகரில் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தனர். ஒரு தொகுதி நாகுகளுக்கு வேட்கைக்குப் பின் முதல் வாரத்திலேயே மேலதிக புரொஜெஸ்தரோன் கிடைக்கச் செய்தனர். மற்றத் தொகுதிக்குக் கொடுக்கவில்லை. பின்னர், வெளியே ஆய்வுகூடத்தில் உண்டாக்கிய ஏழு நாள் முளையங்களை இரு தொகுதி நாகுகளுக்கும் வைத்தனர். அந்த முளையங்கள் மேலதிக ஓமோன் கிடைத்த அந்த முதல் வாரத்தில் நாகின் உடலிலேயே இருக்கவில்லை. எனினும் முதலாம் தொகுதி நாகுகளிலேயே முளையங்கள் கூடுதலாக நீண்டன. 2009இல் வெளிவந்த இம்முடிவிலிருந்து, ஓமோன் பண்படுத்தியது கருப்பையை, பண்பட்ட கருப்பையே கருவை வளர்த்தது என்பது உறுதியாயிற்று.

முதல் வேட்கை ஏன் போதாது?

பருவமடையும் நாகின் முதல் முட்டை பெரும்பாலும் சத்தமில்லாமலே வெளியேறும். வேட்கைக் குறி தெரியாது. அதன்பின் உண்டாகும் மஞ்சட்சடலமும் பல நாகுகளிற் குறுகிய காலமே நிற்கும். முன்னர் புரொஜெஸ்தரோனையே அறியாத கருப்பை, உரிய நாளுக்கு முன்னதாகவே புரொஸ்தாகிளாண்டினை அனுப்பி மஞ்சட்சடலத்தை அழித்துவிடுவதே இதற்குக் காரணம். அந்தக் குறுஞ்சுற்று வீண் அன்று. அப்போது கிடைக்கும் சிறிதளவு புரொஜெஸ்தரோன், அடுத்த சுற்று ஒழுங்காக நடைபெறக் கருப்பையைப் பழக்குகிறது. புதுக்காட்டை வெட்டியவர் முதற் போகத்திலேயே முழு விளைச்சலை எதிர்பார்ப்பதில்லை அல்லவா?

எனவே உங்கள் கண்ணுக்கு முதலிற் தெரியும் வேட்கையின்போது கருப்பையின் துருசுகள் சில திறந்தும் சில இன்னும் முழுமையாகத் திறக்காமலும் இருக்கலாம். இது சினை பிடிக்கும் அளவிலும் தெரிகிறது. 1987இல் அமெரிக்காவில் இறைச்சி இன நாகுகளில் நடந்த ஓர் ஆய்வில், முதல் வேட்கையிற் சினைப்படுத்தப்பட்டவற்றில் நூற்றுக்கு 57 சினையுற்றன. மூன்றாவது வேட்கையிற் சினைப்படுத்தப்பட்டவற்றில் நூற்றுக்கு 78 சினையுற்றன. இரண்டுக்கும் இடைப்பட்ட காலம் ஏறத்தாழ ஆறு வாரம்.

நூறு மாடு வைத்திருப்பவருக்கு 57க்கும் 78க்கும் உள்ள வேறுபாடு கணக்கு. ஒரு நாகு வைத்திருப்பவருக்கு அது வேறுவிதமான விடயம். பிடிக்காமற் போனால் ஊசிக்கும் போக்குவரத்துக்கும் செலவான காசு வீண். "மலடு" என்ற பேச்சு எழும். அவசரத் தேவை வந்தால் அந்தப் பேச்சே நாகை விற்கக் காரணமாகிவிடும்.

பிடித்துவிட்டாலும் ஆபத்து உண்டு. நாகு சிறிதாக இருக்கும்போது சினையுற்றால், இடுப்பெலும்பு போதிய அகலம் பெறுமுன் கன்று வளர்ந்துவிடும். தலையீற்றிற் கன்று சிக்கினாற் கன்றை இழக்கலாம், நாகையும் இழக்கலாம். வைத்தியரை அழைக்க வாகன வசதியில்லாத குடியேற்றங்களில் இது இன்னும் கொடியது.

தீனியும் துருசுகளும்

பருவமடைதலுக்கு வயதைவிட எடையே முக்கியம். முழு வளர்ச்சி எடையில் நூற்றுக்கு 55 முதல் 60 வரை எட்டும்போது பெரும்பாலான நாகுகள் பருவமடைகின்றன. சினைப்படுத்துவதற்கு 60 முதல் 65 வரை எட்டியிருத்தல் நல்லது. முழு வளர்ச்சியில் 250 கிலோ வரும் உள்ளூர் இனமாயின் 150 முதல் 160 கிலோ. 350 கிலோ வரும் ஜேர்சிக் கலப்பாயின் 210 முதல் 230 கிலோ.

தராசு இல்லாமலும் எடையை ஓரளவு அறியலாம். தையற்காரரின் அளவுநாடா போதும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சின் சுற்றளவை அங்குலத்தில் எடுங்கள். தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு முனைவரை நீளத்தையும் அங்குலத்தில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவாற் பெருக்கி, வந்ததை நீளத்தாற் பெருக்கி, 660 ஆற் பிரியுங்கள். கிலோகிராமில் எடை வரும். உதாரணமாகச் சுற்றளவு 50, நீளம் 44 எனில், 50 × 50 × 44 = 110,000. இதனை 660 ஆற் பிரித்தால் ஏறத்தாழ 167 கிலோ.

பசித்த நாகில் மூளையின் தடை தளர்வதில்லை. தளர்ந்து வேட்கைக்கு வரத் தொடங்கிய நாகுகூட நீண்ட கோடையில் மெலிந்தால் மீண்டும் வேட்கை நின்றுபோகலாம். இதனை மலடு என்று கொள்ளக்கூடாது. உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி அது. தீனி கொடுத்து உடம்பு தேறினால் வேட்கை திரும்பும்.

சொந்த மேய்ச்சல் நிலம் இல்லாதவர்கள் என்ன செய்யலாம்? வேலி ஓரத்துக் கிளிசரியா, இப்பில் இப்பில், பூவரசு, முருங்கை ஆகியவற்றின் குழை புரதச் சத்துள்ளது. கிளிசரியாவை வெட்டிச் சில மணிநேரம் வாடவிட்டுக் கொடுத்தால் மாடு விரும்பி உண்ணும். இப்பில் இப்பில் மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது.

வைக்கல் மட்டும் தின்னும் நாகுக்குப் புரதம் போதாது. யூரியா இட்டுப் பதப்படுத்திய வைக்கல் இதற்கு உதவும். 10 கிலோ வைக்கலுக்கு 400 கிராம் யூரியாவை 10 லீற்றர் நீரில் நன்றாகக் கரைத்து, படைபடையாகத் தெளித்து, பொலித்தீனாற் காற்றுப் புகாமல் மூடி 7 முதல் 10 நாள் வையுங்கள். பின் எடுத்துச் சற்று நேரம் காற்றாடவிட்டுக் கொடுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்குக் கொடுக்கவேண்டாம். யூரியா கரைத்த நீரையும் யூரியாக் கட்டிகளையும் மாடு எட்டாத இடத்தில் வையுங்கள். அவை மாட்டைக் கொல்லும் நஞ்சு.

கனியுப்பு, குடிக்கப் போதிய நீர், குடற்புழு மருந்து ஆகியவையும் மறக்கக்கூடாதவை. புழு நிறைந்த வயிற்றுக்கு எவ்வளவு தீனி கொடுத்தாலும் நாகுக்குச் சேராது.

நீங்கள் செய்யவேண்டியவை

1. நாகு முதன்முறை கத்திய நாளைச் சுவர்க் கலண்டரிற் குறித்து வையுங்கள். பிள்ளைகளிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்தால் தவறவிடமாட்டார்கள்.

2. அன்று தொடக்கம் ஏறத்தாழ 21 நாட்களுக்கு ஒருமுறை கவனியுங்கள். திமில் இன மாடுகளில் வேட்கை குறுகியது. இரவிலேயே வந்து போவதும் உண்டு. படுக்கைக்குப் போகுமுன் ஒருமுறையும் விடியற்காலையில் ஒருமுறையும் பார்ப்பது நல்லது.

3. வேறு மாடு மேலே ஏறும்போது நகராமல் நிற்பதே வேட்கையின் உறுதியான குறி. கண்ணாடி போன்ற வழுவழுப்பான சளி வடிதலும் ஒரு குறி. சிறிது இரத்தம் கலந்து வடிந்தால் வேட்கை முடிந்துவிட்டது என்று பொருள். அந்த நாளையும் குறித்துக்கொண்டால் அடுத்த முறையைக் கணக்கிடலாம்.

4. முதல் இரண்டு வேட்கைகளின்போதும் நாகைப் பொதுப் பட்டியுடன் மேயவிடாதீர்கள். பலருடைய மாடுகள் சேர்ந்து மேயும் இடத்தில் யாருடைய நாம்பன் எப்போது சேரும் என்று சொல்லமுடியாது. இரண்டு நாள் வீட்டிலே கட்டித் தீனி போடுங்கள்.

5. எடை போதுமானதாக இருந்தால் மூன்றாவது வேட்கையிற் சினைப்படுத்துங்கள். எடை போதாவிட்டால் இன்னும் பொறுத்திருங்கள்.

6. காலையில் வேட்கை கண்டால் அன்று மாலையிலும், மாலையிற் கண்டால் மறுநாட் காலையிலும் ஊசி போடுவது பொது வழக்கம். கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியருக்கு அல்லது சினைப்படுத்தும் உத்தியோகத்தருக்கு உடனே அறிவியுங்கள்.

7. சிறிய உடம்புள்ள உள்ளூர் நாகின் தலையீற்றுக்குப் பெரிய இனக் காளையின் விந்தைக் கேட்கவேண்டாம். பால் கூடும் என்ற ஆசையிற் பிறீசியன் கேட்பவர்கள் கன்று சிக்கும் ஆபத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும். எது ஏற்றது என்று உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

8. ஊசி போட்டபின் முதல் மூன்று வாரம் நாகை நீண்டதூரம் ஓட்டுவதையும், தீனியைத் திடீரெனக் குறைப்பதையும் தவிருங்கள். கரு கருப்பைப் பாலை நம்பியிருக்கும் காலம் அது.

9. மூன்று முறை ஒழுங்காக ஊசி போட்டும் பிடிக்காவிட்டால், அல்லது மூன்று வயது கடந்தும் வேட்கையே தெரியாவிட்டால், விற்பதற்கு முன் கால்நடை வைத்தியரிடம் ஒருமுறை காட்டுங்கள். கருப்பை வளர்ந்திருக்கிறதா, சூலகத்தில் மஞ்சட்சடலம் உண்டா என்பதை அவர் கைப்பரிசோதனையிலேயே சொல்லக்கூடும்.

10. பக்கத்து வீட்டார் சொன்னார் என்று ஓமோன் ஊசிகளைக் கேட்டு வாங்காதீர்கள். கருப்பையை மாற்றும் வல்லமை ஓமோன்களுக்கு எவ்வளவு உண்டு என்பதை மேலே கண்டோம். சோதித்துப் பார்த்த வைத்தியரே அவற்றைத் தீர்மானிக்கவேண்டும்.

பொறுத்திருக்கும் ஆறு வாரம்

"எங்களிடம் காலம் இல்லை" என்று சொல்லும் குடும்பங்களை நாம் அறிவோம். பல ஆண்டுகளை முகாம்களிலும் பிறர் காணிகளிலும் கழித்தவர்களிடம் இன்னும் பொறுங்கள் என்று சொல்வது எளிதன்று. ஆனால் இந்தக் கணக்கைப் பாருங்கள். முதல் வேட்கையிலிருந்து மூன்றாவது வேட்கைக்கு ஆறு வாரம். அதன்பின் சினைக்காலம் ஒன்பதரை மாதம் அளவில். தலையீற்றில் நாகு இறந்தால் இன்னொரு பசுக்கன்றை வாங்கி, வளர்த்து, அது பருவமடையும்வரை மீண்டும் இரண்டு மூன்று ஆண்டு. ஆறு வாரத்தை மிச்சம் பிடிக்க மூன்று ஆண்டைப் பணயம் வைப்பது தகுமா?

அந்த ஆறு வாரமும் நாகு சும்மா நிற்பதில்லை. அதன் கருப்பையில் ஒவ்வொரு சுற்றிலும் துருசுகள் திறந்து மூடிப் பழகுகின்றன; சுரப்பிகள் பாயம் சுரக்கக் கற்றுக்கொள்கின்றன; சுவர் தடிக்கிறது. அந்த வேலைக்கு வேண்டிய தீனியை நீங்கள் கொடுத்துக்கொண்டிருந்தாற் போதும். நாகின் எடையைக் கணக்கிடுவதில் ஐயமிருப்பவர்களும், வேட்கைக் குறியை அடையாளம் காண முடியாதவர்களும் தமது பிரிவிலுள்ள அரச கால்நடை வைத்தியர் அலுவலகத்தை அணுகிக் கேட்டறியலாம். போகும்போது நாட்களைக் குறித்த கலண்டரையும் எடுத்துச் செல்லுங்கள். வைத்தியருக்கு அதைவிட உதவியான தகவல் வேறில்லை.